பூட்டிக் கிடக்கும் தேவாலயத்தைப் பள்ளிக்கூடம் ஆக்கலாமா?

கேள்வி இதுதான். நெருக்கமான நகரத்தின் நடுவே ஒரு பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், விரிவாக்க இடமில்லை. மதிலை ஒட்டி, வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதை வாங்கிப் பள்ளியோடு சேர்த்துக்கொள்ள முடியுமா, அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்களா, எங்கே சிக்கல் வரும்?

முடியும். செய்தவர்கள் இருக்கிறார்கள், சில இடங்களில் மிக நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் காலிக் கட்டடம்தானே, தடுப்பு வைத்துப் பெஞ்சு போட்டால் வகுப்பு நடத்தலாம் என்ற எண்ணத்தோடு இறங்கினால் கட்டடமும் கெடும், படிப்பும் கெடும். பழைய கட்டடங்களைப் புதிய பயன்பாட்டுக்கு மாற்றும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேவாலயம் என்பது அடிப்படையில் ஒரே ஒரு பெரிய அறை. பள்ளிக்கு வேண்டியதோ இருபது முப்பது சின்ன அறைகள். அந்தப் பெரிய அறையின் வெற்றிடத்தில் எவ்வளவைச் செலவழிப்பது, எவ்வளவைத் தொடாமல் விடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒலி, வெளிச்சம், அஸ்திவாரம், தீப் பாதுகாப்பு, பணம் எல்லாம் அந்த முடிவின் பின்னாலேயே வரும்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தேவாலயம் பூட்டிக் கிடக்கிறது என்பதே விநோதமாகப் படலாம். பண்டிகை நாளில் உள்ளே இடம் போதாமல் வாசலில் பந்தல் போடும் தேவாலயங்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை வேறு. 1960களுக்குப் பிறகு ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இரண்டு மூன்று பங்குகளை, அதாவது வட்டாரச் சபைகளை, ஒன்றாக்கினார்கள். ஒரு கட்டடம் போதும் என்றானதும் மற்றவை நின்றுபோயின. அப்படி நின்றுபோனவை புத்தகக் கடையாக, வீடாக, உடற்பயிற்சிக் கூடமாக மாறியிருக்கின்றன. லண்டன் ஈலிங்கில் தமிழர்கள் திரண்டு போகும் கனக துர்க்கை அம்மன் கோயில் இருப்பதும் முன்பு சர்ச்சாக இருந்த கட்டடத்தில்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, தேவாலயம் ஒன்றை வழிபாட்டிலிருந்து விடுவிக்க ஆயருக்கு (பிஷப்புக்கு) அதிகாரம் தருகிறது. உலகியல் பயன்பாட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் அது இழிவான பயன்பாடாக இருக்கக் கூடாது என்பது அந்த 1222ஆம் விதியின் நிபந்தனை. பள்ளிக்கூடம் என்றால் விற்கிற சபைக்கும் மனசு ஆறும். அது சின்ன விஷயம் இல்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

நீங்கள் கேட்ட நிலைமைக்கு அச்சாகப் பொருந்தும் உதாரணம் நியூயார்க் புரூக்ளினில் இருக்கிறது. புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் பேக்கர் கலீஜியட் இன்ஸ்டிட்யூட் என்ற பழைய தனியார் பள்ளி. 1845இல் பெண்களுக்கான பள்ளியாகத் தொடங்கியது. 1853இல் கட்டடம் தீயில் போனது. ஹாரியட் பேக்கர் என்ற கைம்பெண் 65,000 டாலர் கொடுத்து அதை மீண்டும் எழுப்ப வைத்தார், பெயர் அப்படி வந்ததுதான். அதே மனைக்கட்டில், கிளின்டன் தெருவும் லிவிங்ஸ்டன் தெருவும் சேரும் முனையில், செயின்ட் ஆன்ஸ் தேவாலயம் நின்றது. 1860களின் கடைசியில் கட்டியது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ரென்விக். மன்ஹாட்டனின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தையும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் கோட்டைக் கட்டடத்தையும் வடிவமைத்த அதே ரென்விக்தான்.

1969இல் அந்தச் சபை தன் கட்டடத்தை விட்டுக் கிளம்பியது. போன இடம் அதே தெருவில் சற்றுத் தள்ளியிருந்த ஹோலி டிரினிட்டி தேவாலயம். அதுவும் 1957 முதல் பூட்டிக் கிடந்ததுதான். காலியாகக் கிடந்த ஒரு தேவாலயத்துக்குச் சபை குடிபோனது, சபை காலி செய்த தேவாலயம் பள்ளிக்குக் கிடைத்தது. இன்னொரு சுவையான விவரமும் உண்டு. 1965இலேயே செயின்ட் ஆன்ஸ் தேவாலயத்தின் அடித்தளத்தில் 63 மாணவர்களோடு வேறொரு பள்ளி பிறந்திருந்தது. அது பின்னர் வேறு கட்டடத்துக்குப் போய், இன்றும் செயின்ட் ஆன்ஸ் ஸ்கூல் என்ற பெயரில் நடக்கிறது. ஆக, அந்தக் கூரையின் கீழ் பிள்ளைகள் பாடம் படிப்பது பேக்கர் பள்ளியோடு தொடங்கியதில்லை.

பேக்கர் பள்ளி அதை நடுநிலைப் பள்ளியாக மாற்றி முடித்தது 2003இல். வாங்கியதற்கும் மாற்றி முடித்ததற்கும் இடையே 34 ஆண்டுகள்! வேலையைச் செய்தது ஹியூ ஹார்டியின் கட்டடக்கலை அலுவலகம். தேவாலயத்தின் நடுக்கூடத்துக்குள் புதிய தளங்களை எழுப்பி வகுப்பறைகளை வைத்தார்கள். பள்ளியின் பழைய கட்டடங்களுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே கண்ணாடிக் கூரையிட்ட ஓர் இணைப்புக் கூடம் கட்டினார்கள். வெளியே தெருவில் நின்று பார்க்கிறவருக்கு ரென்விக்கின் பல வண்ணக் கற்சுவர்கள் அப்படியே தெரியும்.

வெளியே தொடாமல் உள்ளே இவ்வளவு துணிச்சலாகச் செய்ய முடிந்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. புரூக்ளின் ஹைட்ஸ் 1965இல் அறிவிக்கப்பட்ட, நியூயார்க் நகரத்தின் முதல் பாரம்பரிய வட்டாரம். அங்கே தெருவிலிருந்து தெரியும் எதையும் நகரத்தின் பாரம்பரியச் சின்ன ஆணையத்தைக் கேட்காமல் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வெளித்தோற்றத்துக்குத்தான். உட்புறத்தைப் பாதுகாக்கத் தனி அறிவிப்பு வேண்டும், வழிபாடு நடக்கும் இடங்களின் உட்புறத்தை அப்படி அறிவிக்கவே அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் அப்படியில்லை. பட்டியலில் சேர்ந்த கட்டடம் என்றால் உள்ளே இருக்கும் தூணும் தரையும் மரவேலையும் சேர்த்தே பாதுகாக்கப்பட்டவை. உங்கள் ஊரில் சட்டம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் வரைபடம் போட ஆரம்பிக்காதீர்கள்.

இங்கிலாந்து உதாரணத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு. பள்ளி இல்லை, கல்லூரிதான், ஆனால் நெருக்கடி அதே நெருக்கடி. லிங்கன் கல்லூரிக்குப் பக்கத்தில், ஹை ஸ்ட்ரீட்டில், ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். பழைய தேவாலயத்தின் கூர்கோபுரம் 1700இல் சரிந்து விழுந்தது, இப்போது இருப்பது அதற்குப் பின் எழுந்த கட்டடம். 1971இல் இனி வழிபாட்டுக்குத் தேவையில்லை என்று அறிவித்துக் கல்லூரியிடம் கொடுத்தார்கள். 1975இல் அது கல்லூரி நூலகமாகத் திறந்தது. அவர்கள் செய்த முக்கியமான காரியம் ஒன்றே ஒன்று: தரையை நாலடி உயர்த்தினார்கள். உயர்த்திய தரைக்குக் கீழே ஒரு வாசிப்பு அறை கிடைத்தது, மேலே பெரிய கூடம் அலங்காரக் கூரையோடு முழுசாக நிற்கிறது. கோபுரத்து மணிகள் இன்றும் ஒலிக்கின்றன.

எனக்கு இந்த நாலடி முடிவு மிகவும் பிடிக்கும். தேவாலயத்தின் ஜன்னல்கள் பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல்தான் தொடங்கும், வெளியே வேடிக்கை பார்க்க அவற்றை யாரும் வைக்கவில்லை. அதனால் தரைமட்டத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்குக் குழிக்குள் இருப்பதுபோல் தோன்றும். தரையை உயர்த்தினால் அந்தக் குறை கொஞ்சம் தீரும், அறையின் விகிதமும் பெரிதாகக் கெடாது, ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். வெற்றிடத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் செலவழித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்கள்.

சரி, உங்களுக்கு நூலகம் மட்டும் போதாது, வகுப்பறைகள் வேண்டும் என்றால் புரூக்ளின் வழிதான், உள்ளே தளம் எழுப்பியாக வேண்டும். இங்கே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்வது ஒரு விஷயத்தை: புதிய தளங்களைப் பழைய சுவரில் ஏற்றாதீர்கள். பெரிய கூடத்துக்குள் மேஜை போட்டதுபோல அவை தங்கள் சொந்தக் கால்களில் நிற்க வேண்டும். பழைய கல் சுவரும் செங்கல் சுவரும் கூரையின் பாரத்தைத் தாங்கவே கட்டியவை. அவற்றின் சுண்ணாம்புக் காரை லேசான அசைவுக்கு இடம் கொடுத்து நூறு வருஷம் நின்றிருக்கிறது. அதில் துளை போட்டு இரும்பு உத்திரத்தைச் செருகினால் பாரம் புதிய இடத்தில் குவியும். எங்கே விரிசல் விடும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எஃகுச் சட்டகமாக உள்ளே தனியாக நிறுத்தி, சுவரிலிருந்து ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ விலக்கி வைத்தால், சுவர் முழு உயரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும், பழுது பார்க்கவும் கை நுழையும். நாளைக்கு வேறொரு தலைமுறை வந்து இதெல்லாம் வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிடவும் முடியும்.

சட்டகத்துக்கு அஸ்திவாரம் வேண்டுமே? வகுப்பறைத் தரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம் என்று வைத்து வடிவமைக்கச் சொல்கிறது நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875. புத்தக அடுக்குகள் வைக்கும் இடத்துக்கு அமெரிக்க விதி 700 கிலோவுக்கு மேல் கேட்கிறது. தேவாலயத்தின் நடுத்தரை இவ்வளவு பாரத்துக்குப் போட்டதே இல்லை. கல்பலகைக்குக் கீழே வெறும் மண், சில இடங்களில் கல்லறைகளும் இருக்கும். வாசல் வழியே நுழையக்கூடிய சின்ன இயந்திரத்தைக் கொண்டு மெல்லிய பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஆழமாகப் போகும் அஸ்திவாரத் தூண்களை, இறக்குவதுதான் வழக்கம். தோண்டும்போது எலும்பு கிடைத்தால் வேலை நிற்கும். அதற்கான நாட்களைத் திட்டத்தில் முன்னாலேயே ஒதுக்கிவிட வேண்டும். நூலகம் வைப்பதாக இருந்தால் தரைத்தளத்தில் வையுங்கள், கனமான அடுக்குகள் மண்ணின் மேலேயே நிற்கட்டும்.

அடுத்தது ஒலி. எல்லாரும் கடைசியில் நினைப்பது இதைத்தான், ஆனால் பாடம் நடத்துகிறவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். கல் தேவாலயத்தில் கைதட்டினால் ஒலி அடங்க மூன்று, நான்கு, சில இடங்களில் ஆறு வினாடிகூட ஆகும். பாட்டுக்கு அது அழகு. பாடத்துக்கு அது நஞ்சு, ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த நான்கு சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். இதைக் கணக்காக்கிய வரலாறே ஒரு வகுப்பறையில்தான் தொடங்கியது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரை விட்டுச் சரிசெய்யச் சொன்னார்கள். சாண்டர்ஸ் அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக வைத்து, ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று இரவுகளில் அளந்தார். அங்கே ஒலி அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அறையின் கன அளவு கூடினால் அந்த நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற அவருடைய சூத்திரம் இன்றும் எங்கள் மேஜையில் இருக்கிறது.

சின்ன, நடுத்தர வகுப்பறைகளுக்கு அமெரிக்கத் தரம் கேட்பது 0.6 வினாடி. ஆள் பேசாதபோது பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. இதைத் திறந்த மாடங்களில் எட்டவே முடியாது. உயரமான கூரையின் கீழ் நான்கு வகுப்பை இடுப்புயரத் தடுப்போடு வைத்தால், ஒரு வகுப்பின் வாய்ப்பாடு அடுத்த வகுப்பின் கவிதைக்குள் நுழையும். ஆகவே வகுப்பறைக்குத் தனிக் கூரையும் முழுச் சுவரும் வேண்டும். கூரை போட்டதும் மேலே இருக்கும் வளைவு மறைந்துவிடுமே என்று வருத்தப்படுவீர்கள். வகுப்பறைக்குள் மறையட்டும். பிள்ளை அங்கே பார்க்க வேண்டியது ஆசிரியரை. உயரத்தை நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் கூடிப் பேசும் இடத்துக்கும் கொடுங்கள். ஒரு பாடம் முடிந்து அடுத்த அறைக்குப் போகிற நேரத்தில், நாளுக்கு ஆறேழு முறை, ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பெரிய கூரையின் கீழ் நடக்கும். வேறெந்தப் புதுக் கட்டடமும் அவர்களுக்கு இதைத் தராது.

வெளிச்சத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்தான் பெரிய கேள்வி. எழுதுகிற தாளில் சிவப்பும் நீலமும் விழுந்தால் படிக்க முடியாது. அந்த ஜன்னலுக்கு எதிரே திரையில் எதையும் காட்டவும் முடியாது. அதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிடுவது பாவம். மேலே சொன்ன ஒன்றரை மீட்டர் இடைவெளி இங்கே கைகொடுக்கும். ஜன்னலை ஒட்டி நடைபாதை, அதற்கு உள்ளே வகுப்பறை. வண்ணம் நடைபாதையில் விழட்டும், வகுப்பறைக்கு மேலிருந்து வெளிச்சம் வரட்டும் அல்லது வண்ணமில்லாத ஜன்னல்களின் பக்கம் வகுப்புகளை வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்தக் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் பட்டை ஈயம். நூறு ஆண்டு தாண்டினால் அது தளர்ந்து வளையும், எப்படியும் பழுது பார்த்துத்தான் ஆக வேண்டும். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கும், அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் அதைத் தடைசெய்ததே 1978இல்தான். சின்னப் பிள்ளைகள் வரப்போகும் இடம் என்பதால் ஈயத் தூசிச் சோதனை செய்யாமல் ஒரு பெஞ்சைக்கூட உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

இதுவரை சொன்னது வெற்றிடத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்கும் வழி. செலவழிக்காமலே பயன்படுத்திய இடங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்து செயின்ட் செபாஸ்டியன். 1962இல் கட்டிய முட்டை வடிவத் தேவாலயம், சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுர ஜன்னல்கள். 2008இல் வழிபாடு நின்றது. போலஸ் வில்சன் என்ற கட்டடக்கலை அலுவலகம் அதை மழலையர் பள்ளியாக மாற்றி 2013இல் முடித்தது. குழந்தைகளின் அறைகளைத் தாழ்வான கட்டடமாகத் தேவாலயத்துக்கு உள்ளேயே வைத்து, அந்த அறைகளின் கூரையையே பச்சை விரிப்புப் போட்ட விளையாட்டு மேடாக ஆக்கினார்கள். சதுர ஜன்னல்களிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள்! அதனால் நடுக்கூடம் கூரை போட்ட வெளிமுற்றம் ஆகிவிட்டது. காற்று உள்ளே வரும், மழை வராது. அவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்கும் செலவும் போயிற்று, சின்ன அறைகளை மட்டும் சூடாக்கினால் போதும். நகரத்துப் பள்ளிகளில் எப்போதும் இல்லாமல் போவது விளையாட்டுத் திடல். அதைத் தேவாலயத்தின் உள்ளேயே கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இதில் என்னைக் கவர்ந்தது. ஆனால் மேலே சொன்ன வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கும் இடத்தில் இதைச் செய்ய நானே விடமாட்டேன்.

கனடாவின் கியூபெக் நகரத்தில் 2003 முதல் பழைய செயின்ட் எஸ்பிரி தேவாலயத்தில் சர்க்கஸ் பள்ளி நடக்கிறது. ஊஞ்சலில் பறக்கிறவர்களுக்கு உயரம்தான் வேண்டும், உயரம் அங்கே ஏற்கெனவே இருந்தது. தளம் எழுப்பும் பேச்சே எழவில்லை. எந்தத் தேவை எந்த வெற்றிடத்துக்கு இயல்பாகப் பொருந்தும் என்று பார்த்துச் சேர்த்தால் பாதிச் செலவு மிச்சம். உங்கள் பள்ளியின் தேவைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உள்விளையாட்டரங்கம், நாடகக் கூடம், நூலகம், உணவுக் கூடம் எல்லாம் பெரிய அறைகள். அவற்றைத் தேவாலயத்துக்கு மாற்றிவிட்டு, அவை காலி செய்யும் பழைய கட்டடத்தில் வகுப்பறைகளைப் பிரிக்க முடியுமா? நான் பார்த்தவரை, பள்ளிகள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே நேராகத் தளம் எழுப்பும் வரைபடத்துக்குப் போய்விடுகின்றன. முடியுமென்றால் அதைவிட நல்ல வழி இல்லை.

மாட்ரிடின் லாவாபியெஸ் பகுதியில் இருப்பது இன்னொரு வகை. எஸ்குவேலாஸ் பியாஸ் என்பது ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கல்வி கொடுக்க எழுந்த துறவியர் சபை. அவர்கள் பள்ளியின் தேவாலயம் 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது எரிக்கப்பட்டது. கூரை இல்லாத செங்கல் சுவர்களாகப் பல பத்தாண்டுகள் நின்றது. லினாசசோரோ என்ற கட்டடக்கலைஞர் அந்தச் சிதைவைச் சிதைவாகவே வைத்துக்கொண்டு, மேலே மரக் கூரையிட்டு, தொலைநிலைக் கல்வி நடத்தும் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் ஆக்கினார். 2004இல் முடிந்தது. வகுப்பறைகளைத் தேவாலயத்துக்குள் திணிக்காமல் பக்கத்தில் தனிக் கட்டடமாகக் கட்டினார். தீயின் காயம் பட்ட சுவரைப் பூசி மறைக்கவில்லை. படிக்க வருகிறவர் அந்தச் சுவரைத் தொட்டபடி உட்காரலாம். பள்ளிக்காகப் பிறந்த கட்டடம் சாம்பலான பிறகும் படிப்புக்கே திரும்பி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

நடைமுறைக்கு வருவோம். தேவாலயத்துக்குப் பொதுவாக ஒரு பெரிய வாசல், பின்னால் குருவானவர் அறைக்கு ஒரு சின்னக் கதவு. பள்ளிக்கு ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வெளியேறும் வழிகள் வேண்டும். லிஃப்ட் வேண்டும், நடக்க முடியாத பிள்ளையும் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். கழிப்பறைகள் ஏராளமாக வேண்டும். இவற்றையெல்லாம் பழைய சுவருக்குள் திணித்தால் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வெட்டு விழும். படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, காற்றுக் குழாய், மின் பலகை எல்லாவற்றையும் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே கட்டும் இணைப்புப் பகுதியில் வையுங்கள். இரண்டின் தரைமட்டங்களும் ஒத்துப் போகாது, அந்த ஏற்ற இறக்கத்தையும் அங்கேயே தீர்த்துவிடலாம். புரூக்ளின் கண்ணாடிக் கூடத்தைப் பார்த்து அழகுக்காகக் கட்டியது என்று நினைக்கிறவர்கள் உண்டு. இப்படி ஒரு பகுதி இருந்தால்தான் தேவாலயம் வெட்டுப்படாமல் பிழைக்கும்.

கூரைக்குள் இருக்கும் மரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் எரிந்ததை உலகமே பார்த்தது. எரிந்தது கூரைக்கும் கல் வளைவுக்கும் நடுவே ஆள் போகாத பகுதியில் இருந்த பழைய மரச் சட்டகம். அந்த மாதிரி இடத்தில் தீ உணரியும் தெளிப்பானும் இல்லாமல் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. பழுது வேலை நடக்கும் மாதங்களில்தான் ஆபத்து அதிகம், வெல்டிங் செய்யும் நாட்களில் வேலை முடிந்த பிறகும் ஆள் காவல் இருக்கட்டும். குளிர் நாடாக இருந்தால் தரைக்கடியில் சூட்டுக் குழாய் போடுங்கள், சூடான காற்றை ஊதினால் அது கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் விற்கிறவர்கள். நியூயார்க்கில் மதச் சபை தன் நிலத்தை விற்க அரசுத் தரப்பின் ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்தில் மூடிய ஆங்கிலிக்கன் தேவாலயத்தை வாங்கினால், இன்னின்ன காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகள் பத்திரத்தோடு வரும். காகிதத்துக்கு வெளியேயும் ஒரு கணக்கு உண்டு. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருமணம் செய்தவர்கள், பெற்றோரை அடக்கம் செய்தவர்கள் அக்கம்பக்கத்தில் உயிரோடு இருக்கிறார்கள். சுவரில் போரில் இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள் இருக்கும். எதைச் சபை எடுத்துப் போகிறது, எது இடத்திலேயே இருக்கிறது, இருப்பதை யார் பராமரிப்பது என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். பீடத்தையும் ஞானஸ்நானத் தொட்டியையும் சபை எடுத்துப் போவதே நல்லது. பெயர்ப் பலகைகளை அசைக்காமல் விடுங்கள். வருஷத்தில் ஒரு நாள் அந்தக் குடும்பங்கள் வந்து பார்க்க வழி வைத்துவிட்டால் எதிர்ப்பு என்று நீங்கள் பயந்தவர்களில் பலர் ஆதரவாளர்களாகிவிடுவார்கள்.

நீங்கள் விவரித்த இடத்துக்கு நான் சொல்லும் வரிசை இது. விலை பேசுவதற்கு முன் கட்டடத்தை லேசர் கருவியால் முழுசாக அளந்து வாங்குங்கள், பழைய வரைபடங்களை நம்ப வேண்டாம். கூரை, சுவர், மண் மூன்றுக்கும் தனித்தனி அறிக்கை கேளுங்கள். கூரை மோசம் என்றால் விலையில் கழித்துப் பேசலாம், மண் மோசம் என்றால் வாங்குவதையே யோசிக்கலாம். வாங்கியதும் கூரையின் ஒழுக்கையும் மழைநீர்க் குழாயையும் உடனே சரி செய்யுங்கள், வகுப்பறைத் திட்டம் மெதுவாக வரட்டும். முதல் ஆண்டு உள்ளே எதுவும் கட்டாமல், தீயணைப்புத் துறை அனுமதிக்கிற அளவில், காலைக் கூட்டத்துக்கும் இசை வகுப்புக்கும் தேர்வுக்கும் பயன்படுத்திப் பாருங்கள். எந்த மூலையில் குளிர், எந்த மாதம் எந்த ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசும், எங்கே நின்று பேசினால் கேட்கவில்லை என்பதை ஆசிரியர்கள் குறித்து வைக்கட்டும். கட்டடக்கலைஞரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான், அறைகளின் எண்ணிக்கைப் பட்டியல் அதற்குப் பிறகு போகலாம்.